செல்லோவை விட்டவர்

இளையராஜா பாட்டில் பேஸ் கித்தார் மட்டும் தனி வழி போவதைக் காது கொடுத்துக் கேட்கிறவர்கள் நம்மில் நிறைய. ஜாஸில் அந்த அடிக்குரலை வைத்தே அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருப்பவர் ரான் கார்ட்டர். 1937இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தார். பத்து வயதில் கையிலெடுத்தது செல்லோ. டெட்ராய்ட்டில் பள்ளியில் படித்தபோது, வாய்ப்பெல்லாம் வெள்ளைக்கார மாணவர்களுக்கே போவதைப் பார்த்தார். ஆளுயர டபுள் பேஸுக்கு மாறிக்கொண்டார்.

நிறபேதம் அங்கும் விடவில்லை. ஈஸ்ட்மன் இசைப் பள்ளியில் அவர் மாணவராக இருந்தபோது வாசிப்பைக் கேட்ட ஹூஸ்டன் சிம்பனி இசைக்குழுவின் நடத்துநர் ஸ்டொகோவ்ஸ்கி பாராட்டினார். ஆனால் கறுப்பரைச் சேர்க்க அதன் நிர்வாகக் குழு தயாராக இல்லை என்றாராம்.

1959இல் பட்டம் வாங்கி நியூயார்க் போனார். 1963இல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் சேர்ந்து 1968வரை இருந்தார். அதுவரை பெரும்பாலும் பேஸ்காரரின் வேலை தாளத்தைப் பிடித்து, பியானோ வாசிக்கும் கார்டுக்கு (சுரக்கூட்டுக்கு) அடிச்சுரம் கொடுப்பது. கார்ட்டரோ எதிர்பாராத ஒரு சுரத்தை அடியில் வைப்பார். மேலே குழுவின் பியானோக்காரர் ஹெர்பி ஹான்காக்கின் கார்டே வேறு அர்த்தம் கொள்ளும். வழியைத் தீர்மானிப்பவர் பின்னால் நிற்பவர் என்றாகிவிட்டது. 1965இல் வந்த அக்குழுவின் ‘ஈ.எஸ்.பி.’ தட்டில் கார்ட்டர் எழுதிய ‘ஆர்.ஜே.’யும் உண்டு. 1991இல் ‘எ டிரைப் கால்ட் குவெஸ்ட்’ என்ற ஹிப்-ஹாப் குழுவும் அவரைத் தேடிப் பிடித்தது. 2,221 ஒலிப்பதிவுகள் என்று 2015இல் கின்னஸ் கணக்கெழுதியது.

அன்று ஜாஸ் கற்க வழி, இரவு விடுதியில் மூத்தவர் பக்கத்தில் நிற்பதும் இசைத்தட்டை மறுபடி மறுபடி ஓட்டிக் கேட்பதும்தான். பிறகு பல்கலைக்கழகங்கள் வாசலைத் திறந்தன. கார்ட்டரே நியூயார்க் சிட்டி கல்லூரியில் நீண்ட காலம் பேராசிரியர். பின்னர் ஜூலியர்டிலும் கற்பித்தார். இன்று மலேசியாவின் ஜொகூர் பாருப் பிள்ளை பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர் லாசால் கல்லூரியிலேயே ஜாஸ் படிக்கலாம். (குடிநுழைவு வரிசையில் நிற்பதற்கும் ஒரு பட்டம் கொடுத்தால் தேவலை.)

சிம்பனிக்கு நட்டம், ஜாஸுக்கு லாபம் என்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கணக்கு பிடிப்பதில்லை. அவர் மேற்கத்தியச் செவ்விசை மேதை பாக்கை விடவில்லையே! பாக் இசையை மட்டுமே பேஸில் வாசித்துத் தனித் தட்டு வெளியிட்டார். சிம்பனிகளின் கதவு பற்றியும் பெரிதாகப் பெருமைப்பட எதுவுமில்லை. முகம் தெரியாமல் திரைக்குப் பின்னால் வாசிக்கவைத்துத் தேர்வு செய்யும் முறை வந்தது. பெண்களுக்கு நன்றாகவே பயன்பட்டது. ஆனால் 2014இல் அமெரிக்கச் சிம்பனிகளில் கறுப்பின இசைஞர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.