துவாரகாவில் குளிர்காலம்: வீட்டை ஆயத்தம் செய்வது எப்படி?

தீபாவளி முடிந்ததும் எங்கள் கிளைக்கு வரும் தமிழ் வாடிக்கையாளர்கள் பலர் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: “ஊரிலிருந்து அம்மாவை அழைத்து வரலாம் என்றிருக்கிறோம். இந்தக் குளிரைத் தாங்குவார்களா?” வீடு முன்கூட்டியே ஆயத்தமாக இருந்தால் தாங்குவார்கள் என்பதே எங்கள் விடை. பணிமாறுதலில் தில்லிக்கு வந்த முதல் ஆண்டில் நாங்கள் செய்த தவற்றிலிருந்து கற்றுக்கொண்ட விடை அது.

அந்த ஜனவரியில் குளிருக்கு அஞ்சி, சன்னல் இடுக்குகளிலெல்லாம் செய்தித்தாளைத் திணித்தோம். கதவின் அடியில் பழைய போர்வையைச் சுருட்டி வைத்தோம். பிறகு, அண்டை வீடுகளில் கண்டதுபோல் அங்கீட்டியில் கரி மூட்டி அறைக்குள் வைத்துக்கொண்டோம். சற்று நேரத்தில் அம்மா தலைவலி என்றார். பிறகு குமட்டல் என்றார். பித்தம் என்று எண்ணிச் சுக்குக் கஷாயம் வைத்தோம். தற்செயலாக வந்த எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையார் நிலைமையைக் கண்டதும் ஒன்றும் பேசாமல் கதவையும் சன்னலையும் திறந்துவிட்டார். அன்று அவர் வராதிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நாங்கள் பின்னரே உணர்ந்தோம்.

வீட்டிற்குள் ஏன் இவ்வளவு குளிர்?

துவாரகாவை ஒட்டியுள்ள பாலம் வானிலை நிலையத்தில் 1967 ஜனவரி 11 அன்று வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 2.2 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. சப்தர்ஜங் நிலையத்தில் 2019 டிசம்பர் 30 அன்று பகலின் உச்ச வெப்பநிலையே 9.4 டிகிரியைத் தாண்டவில்லை. இத்தகைய நாள்கள் ஆண்டில் சிலவே. ஆயினும் நம் அடுக்குமாடி வீடுகள் கோடையை மனத்தில் கொண்டு கட்டப்பட்டவை. பளிங்குத் தரை, ஒற்றைக் கண்ணாடிச் சன்னல், காப்புப் பூச்சு இல்லாத கான்கிரீட் கூரை ஆகியவை வெப்பத்தை எளிதில் வெளியே விட்டுவிடுகின்றன. மேல்தளத்தில் கூரை வழியாகவும், வெயில் படாத கீழ்த்தளத்தில் தரை வழியாகவும் குளிர் மிகுதியாகத் தெரியும்.

செலவில்லாத வெப்பம்

முதல் உதவி சூரியன். டிசம்பர் இறுதியில் தில்லியில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 38 பாகை உயரத்தில்தான் நிற்கும். சென்னையில் அதுவே சுமார் 53 பாகை. சூரியன் தாழ்வாக இருப்பதால் தென்புறச் சன்னல் வழியே வெயில் அறையின் உட்பகுதிவரை வரும். ஆகவே, கோடைக்காகத் தென்புறப் பால்கனியில் கட்டிய பச்சை வலையையும் மூங்கில் தட்டியையும் நவம்பர் முதல் வாரத்திலேயே கழற்றிவிடுங்கள். பகலில் திரைகளை முழுதும் விலக்கி, மாலை ஐந்து மணிக்குள் கனத்த திரையை இழுத்து மூடுங்கள். உள்ளே வந்த வெப்பம் சில மணி நேரமாவது தங்கும்.

படுக்கையறைத் தரையில் ஒரு கம்பளமோ தடித்த ஜமக்காளமோ விரியுங்கள். பெட்டியில் கிடந்த ரஜாய்களை இரண்டு நாள் நல்ல வெயிலில் உலர்த்துங்கள். ஈரம் நீங்கிய பஞ்சு மீண்டும் உப்பி வெப்பத்தைக் காக்கும். கட்டிதட்டிப் போயிருந்தால் பஞ்சு அடித்துத் தருபவரிடம் இப்போதே கொடுத்துவிடுங்கள். டிசம்பரில் அவரைப் பிடிப்பது அரிது. சன்னல் சட்டங்களில் ரப்பர் பட்டை ஒட்டினால் வாடைக் காற்று நிற்கும்.

ஹீட்டரும் மின்கட்டணமும்

வீடு முழுவதையும் சூடாக்க முயல வேண்டா. முதியவரும் குழந்தைகளும் இருக்கும் ஓர் அறை போதும். எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் ஹீட்டரில் கனலும் கம்பி வெளியே தெரியாது என்பதால் குழந்தைகள் உள்ள வீட்டிற்கு அது ஏற்றது. எந்த வகையானாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். போர்வை, திரை ஆகியவற்றிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

2,000 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கிலோ நீட்டிப்புக் கம்பியிலோ அதைப் பொருத்தினால் கம்பி சூடேறித் தீப்பற்றக்கூடும். 16 ஆம்பியர் பவர் பிளக் ஒன்றே அதற்கு உரியது. அது அறையில் இல்லையெனில் ஹீட்டர் வாங்குமுன் மின்பணியாளரை அழைத்து அமைத்துக்கொள்ளுங்கள்.

இனி கணக்கு. இந்த ஹீட்டர் நாள்தோறும் நான்கு மணி நேரம் முழு ஆற்றலில் இயங்கினால் 8 யூனிட். மாதத்திற்கு 240 யூனிட். தில்லி அரசின் மானியத் திட்டத்தில் சேர்ந்துள்ள குடும்பங்களுக்கு 200 யூனிட் வரை கட்டணமில்லை. 201 முதல் 400 வரை 800 ரூபாய்க்கு மிகாமல் பாதி மானியம் உண்டு. 400-ஐத் தாண்டினால் மானியம் முற்றிலும் நின்றுவிடும். வழக்கமாக 250 யூனிட் செலவிடும் குடும்பம் இந்த ஒரு கருவியால் 490-ஐ எட்டிவிடும். ஹீட்டரின் தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வைத்து, உறங்குமுன் நிறுத்திவிட்டால் அந்த எல்லைக்குள் நிற்க வழியுண்டு. 15 லிட்டர் கீசர் தண்ணீரைச் சூடாக்க 20 நிமிடம் அளவே போதும். நாள் முழுவதும் போட்டு வைத்தல் வீண்.

ஹீட்டர், கீசர், மின்கெட்டில் மூன்றையும் ஒரே வேளையில் இயக்குவதையும் தவிருங்கள். உங்கள் மீட்டர் உச்சத் தேவையையும் பதிவு செய்கிறது. அது அனுமதிக்கப்பட்ட மின்சுமையைத் தொடர்ந்து மிஞ்சினால் சுமை உயர்த்தப்பட்டு, மாதாந்திர நிலைக்கட்டணமும் கூடும்.

மூடிய அறையின் ஆபத்து

எங்கள் வீட்டில் நேர்ந்தது கார்பன் மோனாக்சைடு நஞ்சு. கரி, விறகு, எரிவாயு எதுவும் போதிய காற்றின்றி எரியும்போது இவ்வாயு உண்டாகிறது. இதற்கு நிறமும் மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்வதால் உடல் மூச்சு விட்டபடியே ஆக்சிஜன் இன்றித் தவிக்கும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், உறக்கக் கலக்கம் என்பன அறிகுறிகள். உறங்குபவர் இவற்றை அறியாமலே மயங்கிவிடுவார். தில்லியில் குளிர்காலந்தோறும் இதனால் உயிர்கள் போகின்றன.

ஆகையால், அங்கீட்டி வீட்டிற்குள் அறவே கூடாது. எரிவாயு கீசர் இருந்தால் அது குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும். குளியலறையின் காற்றுத் துளையைக் குளிருக்காக அடைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கிப் பொருத்துவது நல்ல முதலீடு. அறிகுறி தென்பட்டால் சன்னலைத் திறந்து, அனைவரையும் வெளியே கொண்டுவந்து, 112-ஐ அழையுங்கள்.

சன்னலைத் திறந்தால் புகைக்காற்று வருமே என்பீர்கள். தில்லியின் குளிர்காலத்தில் இரவிலும் அதிகாலையிலும் மாசு தரையோடு தங்கிவிடும். வெயிலில் காற்று சூடாகி மேலெழும் பிற்பகலில் பொதுவாகக் குறையும். ஆகவே நண்பகல் 12 முதல் 3 மணிக்குள் சன்னலைத் திறந்து வைத்தால் வெயிலும் வரும், அறைக்காற்றும் மாறும்.

காப்பீடும் ஓய்வூதியமும்

வீட்டுக்கடன் பெற்றவர்கள் தங்கள் காப்பீட்டுப் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் பொதுவான காப்பீட்டில் தீ விபத்து அடங்கும். கட்டடத்தின் காப்புத்தொகை மீண்டும் கட்ட ஆகும் செலவைக் கொண்டு கணக்கிடப்படும்; மனையின் சந்தை விலை அதில் சேராது. வீட்டுப் பொருள்களுக்குக் கட்டடக் காப்புத்தொகையில் 20 விழுக்காடு, 10 லட்சம் ரூபாய்க்கு மிகாமல், தானாகவே அடங்கும். அதற்கு மேல் பொருள் வைத்திருப்பவர்கள் தனியே அறிவிக்க வேண்டும்.

நவம்பர், ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்று அளிக்கும் மாதமும் ஆகும். பனிமூட்டத்தில் முதியவரை அழைத்து வர வேண்டியதில்லை. ‘ஜீவன் பிரமாண்’ வழியே கைப்பேசியில் முகம் காட்டிச் சான்றளிக்கலாம்.

இறுதியாக, வாயிற்காவலர். நாம் ரஜாய்க்குள் உறங்கும் வேளையில் அவர் குப்பையையும் சுள்ளியையும் எரித்துக் குளிர்காய்வார். அப்புகையும் நம் சன்னலுக்கே வரும். மாசு மிகும் நாள்களில் காவலர்களுக்கு மின்ஹீட்டர் தர வேண்டும் என்று காற்றுத் தர மேலாண்மை ஆணையத்தின் திட்டம் குடியிருப்போர் சங்கங்களைப் பணிக்கிறது. உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் போதும்: பால்கனித் தட்டியைக் கழற்றுங்கள், பவர் பிளக்கைச் சரிபாருங்கள், குளியலறைக் காற்றுத் துளை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அம்மாவுக்கு ரயில் சீட்டு எடுக்கலாம்.