உங்களுக்குத் தெரியுமா? புயலுக்குப் பின் மருத்துவமனை எவ்வளவு தூரம்?

2017 செப்டம்பரில் புவேர்ட்டோ ரிக்கோவை மரியா சூறாவளி புரட்டிப்போட்டபோது அரசுக் கணக்கில் ஏறிய சாவுகள் வெறும் 64. ஹார்வர்ட் ஆய்வாளர்கள் நகரத்தை எட்ட ஆகும் பயண நேரத்தை வைத்துத் தீவைப் பகுதிகளாகப் பிரித்து, 3,299 வீடுகளில் விசாரித்தார்கள். புயலுக்குப் பிந்தைய சாவுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு, சிகிச்சை தாமதமானதோ தடைபட்டதோதான் காரணம் என்றார்கள் குடும்பத்தார். ஒதுக்குப்புற ஊர்களில்தான் அதிக நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தது. ஆய்வாளர்கள் மதிப்பிட்ட 4,645 கூடுதல் சாவுகளின் பிழை வரம்பு 793 முதல் 8,498 வரை நீள்வதால் அதை நம்பலாமா என்ற ஆட்சேபம் நியாயமே. ஆனால் மறு ஆண்டு அரசே தன் கணக்கை 2,975 என்று திருத்திக்கொண்டது. ஆக, புயலுக்குத் தயாராக வரைபடம் போடும்போது மருத்துவமனைக்கு ஒரு புள்ளி வைத்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. எந்தப் பாலம் இடிந்தது, டயாலிசிஸ் நடக்க ஜெனரேட்டரில் டீசல் உண்டா என்பதும் அதில் ஏற வேண்டும்.