ஒரு கிலோ பருப்பும் பத்து லட்சம் டாலரும்

சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது கோவளம். மீனவர்கள் நிறைந்த ஊர். 2021-இல் கொரோனா தடுப்பூசி வந்தபோது அங்கே பலரும் பயந்து ஒதுங்கினார்கள். ஜூன் மாதம் ஒரு தொண்டு நிறுவனம் களத்தில் இறங்கியது. ஊசி போட்டுக்கொண்டு வருபவர் கையில் ஒரு பிரியாணிப் பொட்டலம். குலுக்கலில் பெயர் விழுந்தால் தங்கக் காசு, வாஷிங் மெஷின், ஸ்கூட்டர் என்று பரிசுகள். அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் வெறும் 58 பேர். பரிசு அறிவித்த மூன்றே நாளில் 345 பேர் வந்தார்கள் என்று அப்போதைய செய்திகள் தெரிவித்தன.

பிரியாணியா அவர்களை வரவழைத்தது? அப்படித்தான் தோன்றும். ஆனால் அதே நாட்களில்தான் இரண்டாம் அலையின் சாவுச் செய்திகள் வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்தன. ஊருக்குள்ளேயே வந்து ஆட்கள் பேசினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஊசி போட்டுக்கொண்டு நலமாக நடமாடுவதைப் பார்த்தார்கள். இதில் எதற்கு எவ்வளவு பங்கு என்று ஒரே ஓர் ஊரை வைத்துக்கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது.

பிரித்துச் சொல்ல ஓர் அழகான வழி உண்டு. ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும் பல ஊர்களை எடுத்துக்கொள்ள வேண்டும். சீட்டுக் குலுக்கிப் போட்டு அவற்றைப் பிரிக்க வேண்டும். சில ஊர்களுக்குப் பரிசு, சில ஊர்களுக்கு வெறும் முகாம், மற்றவற்றில் எப்போதும் நடப்பது போலவே. பிரித்தது சீட்டுதான் என்பதால் பயம், படிப்பு, வசதி எல்லாம் எல்லாப் பக்கமும் ஏறத்தாழச் சமமாகவே விழும். கடைசியில் ஒரு வித்தியாசம் தெரிந்தால் அதற்குப் பரிசைத்தான் காரணம் சொல்ல முடியும். இதைச் ‘சமவாய்ப்புச் சோதனை’ என்கிறார்கள். புது மருந்துகளை எடைபோடும் அதே முறை.

ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்தில் 134 கிராமங்களை வைத்து இப்படி ஒரு சோதனை நடந்தது. நடத்தியவர்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ இருவரும் 2019-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார்கள். அங்கே ‘சேவா மந்திர்’ என்ற அமைப்பு முகாம்களைப் பொறுப்பேற்று நடத்தியது. ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளில், எந்த ஏற்பாடும் செய்யாத கிராமங்களில் எல்லா ஊசிகளையும் முடித்தவர்கள் 6 சதவீதம். ஊசி இலவசம்தான், அரசு துணை சுகாதார நிலையமும் இருந்தது. ஆனால் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்து போனால், பாதி நாட்களில் நர்ஸ் இருக்கமாட்டார்.

முதல் வேலையாக, சில கிராமங்களில் நர்ஸ் தவறாமல் இருக்க வழி செய்தார்கள். மாதத்தில் ஒரு குறிப்பிட்ட தேதி. காலை 11 மணி முதல் 2 மணி வரை முகாம். நர்ஸ் வந்ததற்கும் கிளம்பியதற்கும் சாட்சியாக, நேரம் பதிந்த புகைப்படம் எடுக்க வேண்டும். ஏமாற்ற இடமில்லாத சின்ன ஏற்பாடு. இது ஒன்றுக்கே 6 சதவீதம் 18 ஆனது.

வேறு 30 கிராமங்களில் இதே முகாமோடு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு கொடுத்தார்கள். ஐந்து முறை வந்து எல்லா ஊசிகளையும் முடித்தால் சாப்பாட்டுத் தட்டுகள் ஒரு செட். ஒரு கிலோ பருப்பின் விலை அப்போது சுமார் 40 ரூபாய், அந்தப் பகுதியில் முக்கால் நாள் கூலி. அந்தக் கிராமங்களில் எல்லா ஊசிகளையும் முடித்த குழந்தைகள் 39 சதவீதம்.

இந்த எண்ணுக்குள் இன்னோர் ஆச்சரியம் ஒளிந்திருக்கிறது. பருப்பு கொடுத்தால் செலவு கூடும் என்றுதானே நினைப்போம்? குறைந்தது! பருப்பு இல்லாத முகாமில் ஒரு குழந்தைக்கு எல்லா ஊசிகளையும் போட்டு முடிக்க 2,202 ரூபாய் ஆனது. பருப்பு கொடுத்த முகாமில் 1,102 ரூபாய். காரணம், முகாமின் பெரிய செலவு நர்ஸின் ஒரு நாள் சம்பளமும் பயணமும். ஐந்து குழந்தைகள் வந்தாலும் இருபது வந்தாலும் அது மாறாது. கூட்டம் கூடியதும் தலைக்கு விழும் செலவு பாதியானது. பரிசு கொடுப்பது காசை வீணடிப்பது என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இந்தக் கணக்கைத்தான்.

சரி, பருப்பு என்ன செய்தது? தடுப்பூசியை நம்பாதவரை நம்ப வைத்ததா? ஒரு கிலோ பருப்புக்காகத் தன் குழந்தைக்கு ஆபத்து என்று நினைப்பதை எந்தத் தாயும் செய்யமாட்டாள். முகாம் நம்பகமாக நடந்ததுமே பல தாய்மார்கள் பருப்பு இல்லாமலேயே குழந்தைகளைத் தூக்கி வந்தார்கள். விருப்பம் இருந்தது. ஆனால் அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் வேலையை விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. ஊசியின் சிரமம் இன்றைக்கு: கூலி போகும், குழந்தை அழும், இரவு காய்ச்சல் வரும். ஊசியின் பலன் என்றைக்கோ. இன்றையதைப் பெரிதாகவும் நாளையதைச் சிறிதாகவும் பார்ப்பது மனித மனத்தின் அமைப்பு. ‘நிகழ்காலச் சாய்வு’ என்று பொருளாதார அறிஞர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் அதற்குப் பெயர் ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’. பருப்பு அந்த நாளையை இன்றைக்கு இழுத்து வந்தது.

இளைஞர்கள் விஷயத்தில் இந்தச் சாய்வு இன்னும் செங்குத்து. இருபது வயதில் நோய் என்பது அடுத்தவருக்கு வருவது. கொரோனாவில் அது ஓரளவு உண்மையும்கூட. இளைஞர் ஊசி போட்டுக்கொண்டால் அதில் ஒரு பங்கு நன்மை வீட்டுத் தாத்தாவுக்கும் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் போய்ச் சேரும். இப்படி ஒருவர் செயலின் பலன் மற்றவர்மேல் விழுவது ‘புறவிளைவு’. ஊரார் அடையும் நன்மையில் ஒரு துளியை ஊசி போட்டுக்கொண்டவர் கையிலேயே திருப்பித் தருவதுதான் பரிசு. லஞ்சம் என்று அதை ஒதுக்குவது சரியான கணக்கு அல்ல. 2021-இல் கிரேக்க அரசு 18 முதல் 25 வயதினருக்கு 150 யூரோ மதிப்புள்ள டிஜிட்டல் அட்டை கொடுத்தது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம் 16 முதல் 35 வயதினருக்கு 100 டாலர் சேமிப்புப் பத்திரம் அறிவித்தது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய அறிவிப்பு அதே அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்திலிருந்து வந்தது. ஊசி போட்ட பெரியவர்கள் ஐந்து பேருக்குத் தலா பத்து லட்சம் டாலர். 12 முதல் 17 வயதினர் ஐந்து பேருக்கு, மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்தில் தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் உட்பட முழுப் படிப்புச் செலவு. முதல் குலுக்கலுக்கே 27 லட்சம் பெயர்களுக்கு மேல் குவிந்தன. சேப்பாக்கம் போல எழுபது மைதானங்கள் நிரம்பி வழிகின்றன, அத்தனை கூட்டத்தில் ஒரே ஒருவருக்குப் பரிசு: வாய்ப்பு அவ்வளவுதான். ஐந்து குலுக்கல்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் ஆளுக்குச் சராசரி இரண்டு டாலருக்கும் குறைவு.

அறிவிப்பு வந்ததும் ஓஹாயோவில் ஊசி போடுபவர்கள் கூடினார்கள். வெற்றி என்று கொண்டாடினார்கள். பிறகு பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குலுக்கலே இல்லாத இடங்களிலும் அதே வாரம் கூட்டம் ஏறியிருந்தது! ஓஹாயோ அறிவிப்புக்கு இரண்டு நாள் முன்புதான் 12 முதல் 15 வயதினருக்கும் ஃபைசர் ஊசி போடலாம் என்று அமெரிக்க அரசு அனுமதித்திருந்தது. பிள்ளைகள் வரிசையில் நின்றதற்கான பெயர் குலுக்கலுக்குப் போய்விட்டது. ஊசி போடுவதைக் குலுக்கல் கூட்டியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

பிலடெல்பியா நகரில் இன்னும் நுணுக்கமாக முயன்றார்கள். ஊசி போடாதவர்கள் பெயரையும் குலுக்கலில் சேர்த்தார்கள். உங்கள் பெயர் விழுந்து, நீங்கள் ஊசி போடாதவர் என்று தெரிந்தால், ‘ஐம்பதாயிரம் டாலர் கையைவிட்டுப் போயிற்று’ என்று நினைத்து நினைத்து வருந்துவீர்கள். வரப்போகும் அந்த வருத்தத்தை முன்கூட்டியே நினைக்க வைத்து ஆளை நகர்த்தலாம் என்பது திட்டம். மனத்தைப் படித்தவர்கள் போட்ட அருமையான கணக்கு. இதற்கும் தெளிவான பலன் கிடைக்கவில்லை.

ஸ்வீடனில் கிடைத்தது. 18 முதல் 49 வயதுவரை 8,286 பேரை அங்கே சமவாய்ப்பு முறையில் பிரித்தார்கள். ஒரு குழுவினர் முப்பது நாளுக்குள் ஊசி போட்டால் ஆளுக்கு 200 குரோனர், அன்றைய கணக்கில் சுமார் 24 டாலர். குலுக்கல் கிடையாது, போட்டால் நிச்சயம். இன்னொரு குழுவினரிடம், உங்கள் ஊசியால் நன்மை அடையப்போகும் நான்கு பேரை எழுதுங்கள் என்றார்கள். இப்படி மனத்தை மெல்லத் தள்ளிவிடுவதற்கு ‘உந்துகை’ என்று பெயர். பரிசோ உந்துகையோ பெறாதவர்களில் சுமார் 72 சதவீதம் பேர் ஊசி போட்டிருந்தார்கள். பணம் அதை 4.2 சதவீதப் புள்ளி உயர்த்தியது. உந்துகை பெற்றவர்கள் ஊசி போடும் எண்ணம் கூடியிருக்கிறது என்றார்கள். தடுப்பூசிப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால் உண்மையில் போட்டவர்களில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. எனக்கு இந்த முடிவு மிகவும் பிடித்தது. நல்ல எண்ணத்துக்கும் ஊசி போடும் நாற்காலிக்கும் நடுவே இருக்கும் தூரத்தை எவரோ அளந்து காட்டியது போல இருக்கிறது.

காசு கொடுத்தால் கடமை உணர்ச்சி கெட்டுவிடும் என்ற பழைய கவலை ஒன்று உண்டு. ரத்த தானத்தைப் பற்றி பிரிட்டிஷ் அறிஞர் ரிச்சர்ட் டிட்மஸ் 1970-இல் எழுப்பியது அது. நியாயமான கவலை. ஒருமுறை காசு வாங்கியவர் அடுத்த முறை காசு இல்லாமல் வருவாரா? ஸ்வீடனில் அதே ஆட்களைப் பின்தொடர்ந்து பார்த்து, 2023-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்: அடுத்த ஊசிக்கு வருவதும் குறையவில்லை, ஊசி பாதுகாப்பானது என்ற நம்பிக்கையும் குறையவில்லை.

பரிசுக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் பர்மிங்காம் பகுதியில் 16 முதல் 18 வயதுப் பெண்கள் ஆயிரம் பேரை எச்பிவி தடுப்பூசிக்கு அழைத்தார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸுக்கு எதிரான ஊசி அது. பாதிப் பேருக்கு மூன்று தவணைக்குமாகச் சேர்த்து 45 பவுண்டு மதிப்புள்ள கடைக் கூப்பன் தருவதாகச் சொன்னார்கள். முதன்முறையாக அழைக்கப்பட்டவர்களில் மூன்று தவணையும் முடித்தவர்கள், கூப்பன் இல்லாத பக்கம் 12 சதவீதம், கூப்பன் இருந்த பக்கம் 22.4 சதவீதம். ஏறக்குறைய இரு மடங்கு. ஆனாலும் நான்கில் மூன்று பேருக்கு மேல் முடிக்கவில்லை. அதே நாட்டில் 12, 13 வயதுச் சிறுமிகளுக்குப் பள்ளிக்கூடத்துக்கே நர்ஸ் போய் ஊசி போட்டார். எந்தக் கூப்பனும் இல்லாமல் 80 சதவீதத்துக்கு மேல் முடிந்தது.

அந்த வயது வித்தியாசம் என்ன செய்தது என்பது 2021-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. 12, 13 வயதில் ஊசி வாய்ப்புப் பெற்ற தலைமுறையில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்திருந்தது. 14 முதல் 16 வயதில் பெற்றவர்களிடம் 62 சதவீதம். 16 முதல் 18 வயதில் பெற்றவர்களிடம் 34 சதவீதம். வைரஸ் உடலுக்குள் வருமுன் ஊசி போய்ச் சேர வேண்டும், அதனால்தான் இந்தச் சரிவு. வயது ஏற ஏற ஊசி போட வந்தவர்களும் குறைவு.

என்னைக் கேட்டால், அரசுகளின் வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் நர்ஸ் சொன்ன நாளில் சொன்ன இடத்தில் இருக்கட்டும். முடிந்தால் பள்ளிக்கே வரட்டும். அதன்பிறகும் எட்டாதவர்களுக்குச் சிறிய, நிச்சயமான, அன்றே கையில் கிடைக்கும் பரிசு. கோடி ரூபாய்க் குலுக்கல் தேவையில்லை.

தமிழ்நாட்டில் சிறுமிகளுக்கு எச்பிவி தடுப்பூசியை இலவசமாகப் போடும் திட்டத்தை 2025–26 நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. உலக சுகாதார நிறுவனம் இந்த ஊசிக்குப் பரிந்துரைக்கும் வயது 9 முதல் 14. உங்கள் வீட்டில் அந்த வயதில் ஒரு பெண் பிள்ளை இருந்தால், பள்ளியிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ குழந்தை மருத்துவரிடமோ இந்த வாரமே விசாரியுங்கள்.