உண்பவர் அறிய வேண்டிய விவரங்கள்

நம் நாட்டின் உணவு நெறிகள் பலவற்றை ஒருங்கே காணத்தக்க ஊர் கொச்சியின் மட்டாஞ்சேரி. 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதர் தொழுகைக்கூடம், கொங்கணி மக்களின் திருமலைக் கோயில், குஜராத்தியரின் சமணக் கோயில், கட்ச் பகுதியிலிருந்து வந்த முஸ்லிம்களின் பள்ளிவாசல் ஆகியன இங்கு அருகருகே உள்ளன. சமணர் வெங்காயம், பூண்டு, கிழங்கு வகைகளை விலக்குவர். இறைச்சியையும் பாலையும் சேர்த்துண்பது யூத நெறிக்கு மாறானது. முஸ்லிம்களுக்கு இறைச்சி ஹலாலாக இருத்தல் வேண்டும்.

சமைப்பவரும் உண்பவரும் ஒரே தெருவினராயிருந்த காலத்தில் ஐயத்தைக் கேட்டுத் தீர்த்துக்கொள்ள இயன்றது. இன்று இணையதளத்தின் வாயிலாக உணவு பெறுபவர் சமையற்காரரைக் காண்பதில்லை. கேள்விக்குரிய விடையை எழுத்தே தர வேண்டியுள்ளது. நெறி பிறழ்ந்தால் மனவருத்தம் நேரும். ஒவ்வாமை உடையவருக்கோ உயிருக்கே ஆபத்து நேரலாம்.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் கீழ், 2020இல் விவரச்சீட்டு குறித்த ஒழுங்குமுறைகள் வெளியிடப்பட்டன. இவற்றின்படி சைவ உணவுக்குப் பச்சைச் சதுரத்தினுள் பச்சை வட்டமும், அசைவ உணவுக்குப் பழுப்புச் சதுரத்தினுள் பழுப்பு முக்கோணமும் குறியீடுகளாகும். முட்டை சேர்ந்தது அசைவம். பால் சேர்ந்தது சைவம். மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளையுடையனவும் ஒவ்வொரு பண்டத்தின் கலோரி மதிப்பையும் உணவுப் பட்டியலில் குறித்தல் வேண்டும். இணையவழி விற்பனையாளர்கள் இவ்விவரங்களை உணவகங்களிடமிருந்து பெற்று வெளியிடக் கடமைப்பட்டவர்கள்.

எனினும் குறியீடு மட்டும் போதாது. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலக்கப்படுவது உண்டு. அதனைச் சேர்த்த சாம்பார் சைவமே. ஆயினும் கோதுமையிலுள்ள குளூட்டன் ஒவ்வாதவருக்கு அது தீங்கு தரும். உலர்ந்த இறாலை அரைத்துச் சேர்த்த சம்மந்தியைத் 'தேங்காய்ச் சம்மந்தி' என்று மட்டும் எழுதினால், இறால் ஒவ்வாதவர் ஏமாந்துபோவார். 'பால் சேர்ந்தது' என்னும் தொடரும் தெளிவற்றதே; தேங்காய்ப்பாலா, பசும்பாலா என்று விளக்க வேண்டும்.

ஆகவே விவரம் எழுதுவோர் சில நெறிகளைக் கடைப்பிடித்தல் நலம். பண்டத்தைப் புகழுமுன் அதில் சேர்ந்த பொருள்களைக் கூறுக. தானியக் குளூட்டன், இறால் நண்டு வகை, மீன், முட்டை, பால், வேர்க்கடலை, பருப்புக் கொட்டைகள், சோயா போன்ற ஒவ்வாமைப் பொருள்களைப் பெயர் சுட்டி எழுதுக. ஒரு பொருள் சேர்க்கப்பட்டிருப்பது வேறு. ஒரே பாத்திரத்தில் சமைப்பதால் சிறிது கலந்திருக்கக்கூடும் என்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்துரைக்க. கலோரியைக் குறிக்கும்போது அது எத்தனை கிராமுக்கு உரியது என்பதையும் சேர்க்க. 'நீரிழிவுக்காரருக்கு நல்லது' என்பன போன்ற உறுதிமொழிகளைத் தவிர்க்க. செய்முறை மாறிய அன்றே விவரத்தையும் மாற்றுக. ஊர் மக்கள் படிக்கும் மொழியிலும் அதனைத் தருக.

ஒழுங்குமுறை பெரிய நிறுவனங்களைக் கலோரி குறிக்கப் பணிக்கிறது. சிறு உணவகங்கள் இதில் பின்தங்கிவிடாதவாறு வழிகாட்டுவது அதிகாரிகளின் பொறுப்பாகும். நான்கு சொற்களை நேர்மையாக எழுதுவதற்குப் பெருஞ்செலவு ஆவதில்லை. அந்நான்கு சொற்களை நம்பியே ஒருவர் முதற்கவளத்தை வாயிலிடுகிறார் என்பதை எழுதுவோர் மறத்தலாகாது.