பொன்மீனை விட்டவர் ஊரில் ஒரு நாள்

சோழ நாட்டுத் தலங்களைத் தரிசிக்கப் புறப்படும் முதியோர் பலரது பையில் மடித்து வைத்த காகிதம் ஒன்று இருக்கும். தரிசிக்க வேண்டிய கோயில்களின் பட்டியல் அது. நாகப்பட்டினத்திற்கென ஒரே ஒரு நாளை ஒதுக்கியிருப்பார்கள். பட்டியலிலோ காரோணம், சௌந்தரராஜப் பெருமாள், சிக்கல், எட்டுக்குடி, எண்கண், திருவாரூர் என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகும். முழங்கால் வலியையும், வேளை தவறாமல் உட்கொள்ள வேண்டிய மாத்திரைகளையும், நண்பகலில் நடை சாத்தப்படுவதையும் அந்தப் பட்டியல் அறியாது. மாலையில் களைத்துத் திரும்பும்போது, கண்குளிரக் கண்ட கோயில்களின் நிறைவைக் காட்டிலும், காணாமல் விட்டவற்றின் குறையே நெஞ்சில் நிற்கும். "இனி ஒருமுறை வர இயலுமோ, இயலாதோ" என்ற ஏக்கமும் அதனுடன் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் "விட்டது" என்னும் சொல்லுக்கு நாகையில் வேறொரு பொருள் உண்டு. அப்பொருளை உலகுக்கு உணர்த்தியவர் ஒரு மீனவர்.

அறுபத்து மூவரில் ஒருவரான அதிபத்த நாயனார், நாகைக் கடற்கரையில் நுளைப்பாடி என்னும் குப்பத்தில் பரதவர் குலத்தில் தோன்றியவர். அம்மக்களின் தலைவராக விளங்கியவர். நாள்தோறும் வலையில் அகப்படும் மீன்களில் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவது அவர் மேற்கொண்ட நியமம். வலை நிரம்பிய நாட்களில் அது எளிய காணிக்கையாகவே தோன்றியிருக்கும். பின்னர் ஒரு காலம் வந்தது. நாளுக்கு ஒரு மீன் மட்டுமே வலையில் விழுந்தது. அந்த ஒன்றையும் இறைவனுக்கே விட்டார். செல்வம் கரைந்தது, சுற்றம் பசித்தது, அவர் உடலும் தளர்ந்தது, நியமம் மட்டும் தளரவில்லை. ஒருநாள் பொன்னும் மணியும் இழைத்தாற்போன்ற அற்புத மீன் ஒன்று வலையில் சிக்கியது. உடனிருந்தோர் ஆரவாரித்தனர். வறுமையனைத்தும் அந்த ஒரு மீனால் தீர்ந்துவிடும். அன்றைக்கும் அகப்பட்டது அந்த ஒன்றே. ஆதலால் அதுவும் ஈசனுக்கே உரியது என்று அலைமேல் விட்டார் அதிபத்தர். அப்போது விடைமேல் எழுந்தருளி இறைவன் காட்சி தந்தார் என்று சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார்.

இத்தகைய அடியார் வாழ்ந்த ஊருக்கு ஒரே நாளில் வந்து செல்வோர், அந்த நாளின் முதற்பொழுதை அவர் போற்றிய ஈசனுக்கு அளிப்பதே முறையாகும்.

காரோணத்தில் காலைப்பொழுது

சென்னையிலிருந்து காரைக்கால் செல்லும் இரவு ரயில் நாகை வழியாகவே செல்கிறது. தஞ்சை, திருவாரூரிலிருந்து பேருந்துகளும் உண்டு. எவ்வழியில் வந்தாலும், வெயில் ஏறுமுன் காயாரோகணசுவாமி கோயிலை அடைந்துவிடுவது நலம்.

புண்டரீக முனிவரை அவரது உடலோடு இறைவன் தம்முள் ஏற்றுக்கொண்டமையால் இத்தலம் காயாரோகணம் என்று பெயர் பெற்றது என்பது தலபுராணம். அப்பெயரே காரோணம் என மருவிற்று. குடந்தை, காஞ்சி ஆகிய நகரங்களிலும் காரோணம் என்னும் பெயரில் தலங்கள் உண்டு. கடல் சூழ்ந்த காரோணம் இதுவே. சம்பந்தர் 2, அப்பர் 4, சுந்தரர் 1 என மூவரும் பாடிய 7 பதிகங்கள் இத்தலத்திற்கு உண்டு. சப்தவிடங்கத் தலங்களுள்ளும் இது ஒன்று. இங்கு எழுந்தருளியுள்ள தியாகேசருக்குச் சுந்தரவிடங்கர் என்பது திருநாமம். அவர் ஆடுவது பாராவார தரங்க நடனம். கடலின் அலைகளைப் போன்ற ஆட்டம் என்பது அதன் பொருள். கடலோரத்து இறைவனுக்கு இதைக் காட்டிலும் பொருத்தமான நடனம் வேறு ஏது!

அம்பிகையின் திருநாமம் நீலாயதாட்சி. நீலமலர் போன்ற நீண்ட கண்களை உடையவள் என்று பொருள்படும், தமிழில் கருந்தடங்கண்ணி. காஞ்சி காமாட்சி, மதுரை மீனாட்சி, காசி விசாலாட்சி ஆகியோருடன் சேர்த்துப் போற்றப்படும் தேவி இவள். ஆடிப்பூரம் இவளுக்குரிய பெருவிழா. முத்துசுவாமி தீட்சிதர் இவ்வம்பிகையைப் பாடுவதற்கு நீலாம்பரி ராகத்தையே தேர்ந்துகொண்டார். குழந்தையைத் தொட்டிலிட்டு உறங்கவைக்கும் அந்த ராகத்தை மனத்துள் இசைத்தபடி சன்னிதியில் சிறிது நேரம் அமர்ந்தால், பயணத்தின் அயர்வு தானே நீங்கும்.

பொன்னைக் கேட்டவரும் பொன்னை விட்டவரும்

நாகை சோழர் காலத்தில் கடல்கடந்த வணிகத்திற்குப் பெயர்பெற்ற துறைமுகம். ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் சூளாமணிவர்மரின் பெயரால் அவர் மகன் ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மர் இங்கு ஒரு பௌத்த விகாரத்தை எழுப்பினார். அதன் பராமரிப்புக்கென ஆனைமங்கலம் என்னும் ஊரை முதலாம் ராஜராஜ சோழர் 1006-ஆம் ஆண்டளவில் வழங்கினார். லெய்டன் செப்பேடுகள் என்று வழங்கப்படும் ஏடுகள் இதைத் தெரிவிக்கின்றன. சிவபாதசேகரன் என்று பெயர் பூண்ட மன்னர் பிற சமயத்தாரின் வழிபாட்டிடத்திற்கு ஊர் வழங்கினார். அயல்நாட்டு அரசரும் அன்பில் குறைந்தவரல்லர். அவருடைய பிரதிநிதிகள் காரோணத்து நாகையழகர் திருமேனிக்கு அணிகலன்கள் அளித்ததை இக்கோயில் கல்வெட்டுகள் கூறுகின்றன. சீனப் பொன் இக்கோயிலுக்கு வழங்கப்பட்ட செய்தியையும் அவற்றில் காணலாம்.

இவ்வாறு பொன் குவிந்த நகரில்தான் சுந்தரமூர்த்தி நாயனார் நின்று பாடினார். நாகைப் பதிகத்தில் அவர் இறைவனிடம் தோழமை உரிமையோடு பட்டாடை, கத்தூரி, நறுஞ்சாந்து, காற்றைப் போல் விரையும் குதிரை என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். அதே சுந்தரர், திருத்தொண்டத்தொகையில் அடியார்களை வணங்கும்போது நாகை அதிபத்தருக்குத் தாம் அடியார் என்கிறார். பொன்னைக் கேட்டவர், பொன்னை விட்டவரைப் பணிகிறார். கேட்பதும் பக்தியே, விடுவதும் பக்தியே. இரண்டையும் இறைவன் ஏற்கிறார். பிள்ளைகளுக்காகவும் பேரக்குழந்தைகளுக்காகவும் எத்தனையோ கோயில்களில் எத்தனையோ கேட்டிருக்கும் முதியோருக்கு, இது பெரும் ஆறுதல். கேட்கும் பருவம் கடந்து விடும் பருவம் வரும்போது, வழிகாட்டுவதற்கு ஓர் அடியார் இவ்வூரில் இருக்கிறார்.

அழகிய பெருமாள்

நகரினுள்ளேயே அமைந்துள்ளது சௌந்தரராஜப் பெருமாள் கோயில். 108 திவ்ய தேசங்களுள் ஒன்று. ஆதிசேஷன் இங்கு பெருமாளை வழிபட்டதாகவும், நாகராஜன் வழிபட்டதால் ஊருக்கு நாகை என்று பெயர் வந்ததாகவும் தலபுராணம் கூறும். நின்ற திருக்கோலத்தில் சேவை சாதிக்கும் எம்பெருமானைத் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். அப்பாசுரங்களில் ஆழ்வார் தலைவியின் நிலையில் நின்று, பெருமாளின் பேரழகைக் கண்டு வியந்து உருகுகிறார். தாயார் சௌந்தர்யவல்லி.

இக்கோயிலில் தவறவிடக் கூடாதது எட்டுத் திருக்கரங்களுடன் கூடிய நரசிம்மர் திருமேனி. சில கரங்கள் இரணியனை வதைத்துக்கொண்டிருக்க, ஒரு கரம் பிரகலாதனின் தலைமீது படிந்து ஆசி வழங்குகிறது; ஒரு கரம் அபயம் காட்டுகிறது. சீற்றமும் பரிவும் ஒரே திருமேனியில், ஒரே கணத்தில் விளங்குகின்றன. கடலோரத்தில் வாழ்வோர் இதை எளிதில் உணர்வர். உணவளிக்கும் கடலே சீறவும் செய்யும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

நண்பகலில் கோயில் நடை சாத்தப்பட்டபின், உணவருந்தி ஓரிடத்தில் கால் நீட்டிப் படுத்து ஓய்வெடுப்பதே முதியோருக்கு உகந்தது. கடலோரத்து வெயில் கடுமையானது. அந்நேரத்தில் இன்னும் இரண்டு தலங்களுக்கு விரைவதைக் காட்டிலும், காலையில் கண்டவற்றை மனத்தில் மீண்டும் காண்பது நற்பயன் தரும்.

மாலைக் கடல்

வெயில் தணிந்ததும் கடற்கரைக்குச் செல்லலாம். நகரின் வடபகுதியில் கடலையொட்டி அமைந்துள்ள நம்பியார் நகரே பழைய நுளைப்பாடி என்று கருதப்படுகிறது. ஆவணி மாதம் ஆயில்ய நட்சத்திரம் அதிபத்தரின் குருபூசை நாள். அன்று சுவாமி கடற்கரைக்கு எழுந்தருள்வார். நாயனார் திருவுருவம் படகில் கடலுக்குள் செல்லும். பொன்மீனைச் சிவனுக்கென்று கடலில் விடும் நிகழ்ச்சி நடைபெறும். இவ்விழாவில் மீனவ மக்களே முன்னின்று, தம் குலத்தில் தோன்றிய பெரியவருக்குச் சீர்வரிசை கொண்டுவந்து சிறப்புச் செய்கின்றனர்.

அம்மக்கள் கடலுக்கு விட்டது பொன்மீனை மட்டுமன்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமைக் காலையில், ஆழிப்பேரலை இக்கரைமீது பாய்ந்தது. தமிழகத்திலேயே மிகுந்த உயிரிழப்பு நாகை மாவட்டத்தில்தான். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர் ஆகிய மீனவக் குடியிருப்புகளில் துயரம் சூழ்ந்தது. அதிபத்தர் மீனை மனமுவந்து விட்டார். இவர்களிடமிருந்தோ கேளாமலே பறிக்கப்பட்டது. இரண்டும் ஒன்றாகா, ஒன்றெனச் சொல்வதும் தகாது. பிள்ளையை இழந்த தாய்க்கு எந்தப் புராணமும் உடனே ஆறுதலாகிவிடுவதில்லை.

ஆயினும் அந்த மக்கள் மீண்டும் படகுகளைச் செப்பனிட்டார்கள், வலைகளைப் பின்னினார்கள், அதே கடலுக்குள் சென்றார்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று கரையில் கூடி, கடலில் பால் ஊற்றி, மலர் தூவி, மறைந்தவர்களை நினைக்கிறார்கள். ஆண்டுதோறும் ஆவணி ஆயில்யத்தன்று அதே கடலில் பொன்மீனை விடுகிறார்கள். பறித்த கடலின்மீது பகை பாராட்டாமல், அதற்கே காணிக்கை அளிக்கும் நெஞ்சம் எளிதில் வாய்ப்பதன்று. அதிபத்தரின் நியமம் ஏடுகளில் மட்டும் உறையவில்லை. அவர் குலத்தோரின் கைகளில் இன்றும் வாழ்கிறது.

மறுநாளும் தங்க வாய்ப்புள்ளோர், 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிக்கலுக்குச் சென்று சிங்காரவேலரைத் தரிசிக்கலாம். அம்பிகையிடம் முருகன் வேல் வாங்கும் வேளையில் அவர் திருமேனியில் வியர்வை அரும்பும் என்று போற்றப்படும் தலம் அது. மாடக்கோயிலாதலால் படிகள் உண்டு. உடன் ஒருவர் துணையிருப்பது நன்று. தங்க இயலாதவர்கள், சிக்கலை இம்முறை விட்டுச் செல்லலாம். விட்டுச் செல்வது குறையாகாது. வேலவர் அங்கேயே இருக்கிறார். இருந்த இடத்திலிருந்து கைகூப்பினாலும் ஏற்றுக்கொள்வார்.

ரயிலுக்குப் புறப்படுமுன், கோயிலில் பெற்ற பிரசாத மலர்களில் ஒன்றை எடுத்து அலையில் விடலாம். மறைந்த துணைவருக்காக ஒருவர் விடுவார். பிரிந்த பிள்ளைக்காக இன்னொருவர் விடுவார். பெயர் அறியாத அந்த ஆறாயிரம் பேருக்காக வேறொருவர் விடுவார். அலை அம்மலரைச் சற்றுத் தூரம் ஏந்திச் செல்லும். சில வேளைகளில் கரைக்கே திருப்பித் தரும். திரும்பி வந்தால் மீண்டும் ஒருமுறை விடலாம். தொலைவில், இரவுத் தொழிலுக்குப் புறப்பட்ட படகுகளின் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியிருக்கும்.