மைனர் மாதிரி தைக்கணும்

"அண்ணே, பையனுக்கு நிச்சயதார்த்தம். மைனர் கணக்கா இருக்கணும்." அண்ணாகிராமத்தில் தையல் மிஷின் மிதிக்கும் என் காதில் முகூர்த்த மாதமெல்லாம் விழுகிற பேச்சு இது. மைனர் என்றால் சில்க் ஜிப்பா, மார்பில் சங்கிலி, பத்தடிக்கு செண்ட் வாசனை. ஆனால் பேர் வந்தது சட்டப் புத்தகத்திலிருந்து.

ஜமீன்தார் இறந்து, வாரிசு சின்னப் பிள்ளையாக இருந்தால் வெள்ளைக்காரன் காலத்தில் சொத்தை 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' எடுத்துக்கொள்ளும். சென்னை மாகாணத்தில் 1804லேயே இதற்கு விதி போட்டுவிட்டார்கள். வரவு செலவு கலெக்டர் பொறுப்பு. பிள்ளைக்குப் படிப்பும் கைச்செலவுக்குப் பணமும். ஊரில் உள்ளவனெல்லாம் 18 வயதில் மேஜர் என்ற 1875ஆம் ஆண்டுச் சட்டம், இவர்களுக்கோ 21 என்றது. முறுக்குகிற அளவுக்கு மீசை வந்தும் காகிதத்தில் மைனர்! சொத்துக் கவலை இல்லை, கையில் காசு உண்டு. உடுத்தித் திரியக் கேட்பானேன்? எல்லாருமே அப்படித் திரிந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. நாலு பேர் திரிந்தால் போதாதா, ஊர் வாய்க்கு? கடைசியில் சங்கிலிக்கே 'மைனர் செயின்' என்று பேராகிவிட்டது.

இன்னொன்று, "ராஜபார்ட் மாதிரி வந்து நிக்கறான்." இது நாடகக் கம்பெனிகள் கொடுத்தது. 1922இல் புதுச்சேரியில் காலமான நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து மேடையில் ராஜா வேஷக்காரர் ராஜபார்ட், பெண் வேஷம் ஸ்திரீபார்ட். எங்கள் பக்கத்துக் கூத்துக்காரர் ஒருவர் வெல்வெட் சட்டையைத் தைக்கக் கொடுத்திருந்தார். வெளியே ஜிகினா கண்ணைப் பறித்தது. உள்ளே திருப்பினால் லைனிங் முழுக்க வேர்வை உப்புப் பூத்து, ஊசி இறங்க மறுத்தது.

கவனித்தால், நம் ஊர்ப் பேச்சில் பகட்டு உடுப்பு உடுத்தினவனுக்கே சொந்தமாக இருப்பது அபூர்வம். மைனர் சொத்து கலெக்டரிடம், ராஜா உடுப்பு கம்பெனிப் பெட்டியில். பட்டுப்புடவையை இரவல் கொடுத்துவிட்டு மணையையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே அலைந்த கதைதான் உங்களுக்கே தெரியுமே. வாங்கிக் கட்டியவள் வெறுந்தரையில் உட்கார்ந்து பட்டைப் பாழாக்கிவிடுவாளோ என்று கொடுத்தவளுக்குப் பயம்.

இப்போது ரிசப்ஷன் கோட்டையே வாடகைக்குத் தருகிறார்கள். அட்வான்ஸை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்வதால் மணை தூக்கும் வேலை மிச்சம்.