பல் பிடுங்குமுன் போடும் ஊசிகள்

சிலமலையிலிருந்தும் ஏலத்தோட்டச் சரிவுகளிலிருந்தும் பல்வலியோடு போடிநாயக்கனூருக்கு வருபவர், மேல்பல்லுக்கு ஒருவிதமாகவும் கீழ்க்கடைவாய்ப்பல்லுக்கு வேறுவிதமாகவும் மரப்பு ஊசி போடப்படுவதைக் காணலாம். மேல்தாடை எலும்பு மெல்லியது. ஆகவே பல்லின் வேருக்கு அருகில் ஈறில் செலுத்தப்படும் லிக்னோகைன் என்னும் மரப்பு மருந்து எலும்பினூடே கசிந்து நரம்பை எட்டிவிடுகிறது. கீழ்க்கடைவாயில் எலும்பு கெட்டியானது என்பதால், தாடைக்குள் நுழையுமிடத்திலேயே நரம்பைத் தடுக்கும் முறை கையாளப்படுகிறது. இதில் பாதி உதடும் நாக்கும் சேர்ந்து சில மணி நேரம் மரத்துப்போகும். நரம்பின் பாதை ஆளுக்கு ஆள் மாறுபடுவதால், கைதேர்ந்த மருத்துவருக்கும் இது சிலசமயம் தவறும். 1973இல் ஆஸ்திரேலியரான கோ-கேட்ஸ் விவரித்த முறை நரம்பை இன்னும் உயரத்தில் தடுக்கிறது. ஆனால் அதற்கு வாயை நன்றாகத் திறக்க வேண்டும்.

பாக்கு மெல்லும் பழக்கம் வேரூன்றிய நம் நாட்டில் சிக்கல் இங்கேதான் எழுகிறது. நாள்பட்ட பாக்குப் பழக்கத்தால் கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகி, சிலருக்கு வாய் இரண்டு விரல் நுழையுமளவுகூடத் திறப்பதில்லை. அத்தகையோருக்கு, 1960இல் வசிரானியும் 1977இல் அகினோசியும் தனித்தனியே விவரித்த, பற்களைக் கடித்தபடியே மேல்ஈறின் விளிம்புக்கு இணையாக ஊசியைச் செலுத்தும் முறையே கைகொடுக்கிறது. எலும்பைத் தொட்டு ஆழத்தை அறிய முடியாதது அதன் குறைகளுள் ஒன்று.

எந்த ஊசியானாலும், இரத்த அழுத்தம், இதயநோய், உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மரப்பு நீங்கும்வரை குழந்தைகள் உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.